கருப்பு வெள்ளைப் படத்துக்கு நான் சொன்ன நிறம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துச் சில வருடங்கள் ஓடிவிட்டன. ஒவ்வொரு தவக்காலத்திலும் "இந்த வருஷம் எழுதிடறேன் தாயே" என்று மாதாவிடம் சொல்வேன். உயிர்ப்பு ஞாயிறு வரும், வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள், பிரியாணி அண்டா ஏறும், பேனா மூடியபடியே கிடக்கும். வேலை என்பதெல்லாம் சாக்கு. எனக்குத் தயக்கம், அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். உலகமே கொண்டாடும் போட்டோக்காரர்களைப் பற்றி நான் எழுதினால் யார் மதிப்பார்கள் என்று ஒரு கூச்சம்.

இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சின்ன விஷயம், வாசலைத் தாண்டித் தெருக்கோடிக்குப் போவதற்குள் வேறு ஒன்றாக மாறிவிட்டது. அதனால்தான் இனியும் சும்மா இருக்கக் கூடாது என்று உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு கன்னடம் பேசும் ஊரில், லிங்கராஜபுரத்தில் இருக்கிறது. கோயில் மணி அடித்தால் சமையலறைப் பாத்திரமும் சேர்ந்து ரீங்காரமிடும், அவ்வளவு பக்கம். என் கணவர் அடுகோடிப் பக்கம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். காலையில் ஹெட்போனை மாட்டினால் சாயங்காலம் வரை குரல்கள்தான் அவருக்கு மனிதர்கள். பம்பாய்க்காரர் இங்கிலீஷ், வெள்ளைக்காரர் இங்கிலீஷ் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எழுதச் சொன்னால் தடுமாறுவார். காதால் கேட்டால் ஒரு சொல் விட மாட்டார்.

எங்களுக்கு ஒரே மகள், வீட்டில் எப்போதும் பாப்பாதான். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது டம்ளரைக் காதில் வைத்துக்கொண்டு, "ஹலோ ஆபரேட்டர், எங்கம்மாவுக்கு ஒரு லைன் குடுங்க" என்பாள். இவர் மூக்கால் பேசுவார். "சாரி மேடம், லைன் பிஸி. உங்கம்மா தோசை சுட்டுட்டு இருக்காங்க. ஹோல்ட் பண்ணுங்க." இந்த விளையாட்டு இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

ஓய்வு பெறுவதற்கு முன்பே சர்க்கரை அவர் கண்ணைப் பிடித்துவிட்டது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், நான் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன். கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. ஜன்னலில் நிற்பது யார் என்று தெரியவில்லை. அதையும் அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். "ஆபரேட்டருக்குக் காது போனாதான் கஷ்டம். கண்ணு போனா என்ன, எக்ஸ்டென்ஷன் நம்பரெல்லாம் மனப்பாடம்."

ஆனால் ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது. பார்வைக் குறைவுக்கான அரசாங்க அட்டை வாங்கப் போயிருந்தோம். போட்டோ எடுக்க உட்கார வைத்தார்கள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவர், "சார், இல்லி நோடி" என்றார். இங்கே பாருங்கள் என்று கன்னடத்தில். இவர் குரல் வந்த திசையில் திரும்பினார். கேமரா இருந்ததோ வேறு பக்கம். "அல்லி அல்ல சார், இல்லி, இல்லி நோடி." இவர் இந்தப் பக்கம் திரும்புகிறார், அந்தப் பக்கம் திரும்புகிறார், ஒன்றும் சரிவரவில்லை. வரிசையில் நின்ற யாரோ, "தலைய புடிச்சித் திருப்புங்கப்பா, நேரமாவுது" என்றார்கள். கடைசியில் நானே போய் அவர் கன்னத்தைப் பிடித்துத் திருப்பினேன்.

ஆட்டோவில் வரும்போது, "கண்ணு தெரியலன்னு கார்டு வாங்க வந்தவன்கிட்ட கண்ண இங்க வைன்றான் பாரு" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "இனிமே என்னை எந்த போட்டோவுக்கும் நிக்க வைக்காத" என்றார்.

அதற்கடுத்த தை மாதத்தில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. உயிர்ப்புத் திருநாள் முடிந்த பிறகு கோயிலில் தாலி என்று முடிவு. எங்கள் வீட்டு முன்னறையில் திருஇருதய ஆண்டவர் படத்தைச் சுற்றிக் குடும்பத்துக் கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் மாட்டியிருக்கும். பீடத்துக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளை, இரண்டு பக்கமும் பெற்றவர்கள், நடுவில் சாமியார். ஜெபமாலை சொல்லும்போது அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வோம். அவர் சொல்லிவிட்டார்: "பீடம் வரைக்கும் உன் கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போறேன்மா. ஆனா போட்டோவுக்கு நான் வரல. எல்லாரும் ஒரு பக்கம் பாப்பாங்க, நான் எங்கயோ பாப்பேன். உன் படம் ஜென்மத்துக்கும் கெட்டுப்போயிடும்."

மகளும் அவர் பிள்ளைதானே. "அப்பா இல்லாத படம் செவுத்துல ஏறாது. போட்டோகிராபரே வேணாம், கேன்சல் பண்ணிடு" என்றாள். அப்பாவும் மகளும் கல்யாணச் சாப்பாடு, பத்திரிகை எல்லாவற்றையும் பேசுவார்கள். போட்டோ என்றால் இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். நடுவில் நான்.

இந்த நேரத்தில்தான் போட்டோக்காரர்கள் டிவி வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். மகள் டிவிக்கு இன்டர்நெட் இணைப்பு போட்டுக் கொடுத்திருந்தாள், அப்பா கிரிக்கெட் வர்ணனை கேட்கட்டும் என்று. ஒரு நாள் மதியம், மூன்று மணி இரக்கத்தின் ஜெபம் முடித்து, கிரிக்கெட்டைத் தேடி ரிமோட்டை அழுத்தினேன். எனக்கு அந்த ரிமோட்டோடு எப்போதும் சண்டை. என்னமோ ஒன்று ஓட ஆரம்பித்தது. ஒரு வயதான வெள்ளைக்காரர் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். மாற்றப் போனேன்.

"இரு, மாத்தாத" என்றார் கணவர். "இவரு வெளிச்சத்தப் பத்திப் பேசறாரு."

எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. அவருக்குப் படம் தெரியவில்லை. அவர் கேட்டதை எனக்குச் சொன்னார், நான் பார்த்ததை அவருக்குச் சொன்னேன். அந்தப் பெரியவர் தன் ஊரிலேயே ஒரு கதவுக்கு முன்னால் நாள்கணக்கில் போய் நிற்பாராம். வெயில் சாய்ந்து கதவின் கைப்பிடி மேல் மட்டும் விழும் நேரத்துக்காகக் காத்திருப்பாராம். விழவில்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வருவாராம். "அந்தக் கைப்பிடி எப்படி இருக்கு?" என்றார் கணவர். "நம்ம கோயில் நற்கருணைப் பேழை சாவி மாதிரி மினுக்குதுங்க" என்றேன். "ஒரு கதவுக்கு இவ்வளவு மரியாதையா" என்றார்.

அன்றைக்குப் பிடித்த ருசி விடவே இல்லை. ஒன்றைப் பார்த்து முடித்தால் டிவியே அதைப் போல இன்னொன்றைக் காட்டியது. நாங்கள் பார்த்த மனிதர்களை நினைத்தால் இன்னும் எனக்கு மனசு நிறைகிறது. பல தேசம், பல சாதி, ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். ஆனாலும் எல்லாரும் ஒரே மாதிரி நின்றார்கள். பிறர் அவசரமாகத் தாண்டிப் போகும் இடத்தில் இவர்கள் நின்றார்கள். ஊர் ஊராக நாவிதர் கடைகளை மட்டுமே படமெடுத்த ஒருவர் இருந்தார். சோப்பு நுரை பூசிய முகங்களை அவர் காட்டியபோது, அரசர்களுக்குக்கூட அப்படிப் படம் எடுத்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவர்களின் கைகளை மட்டும் எடுத்த ஒரு அம்மா இருந்தார். அந்தக் கைகளைப் பார்த்தபோது, லேசர் அறைக்கு வெளியே நான் உட்கார்ந்திருந்த நாட்கள் ஞாபகம் வந்து கண் கலங்கியது. அந்த அம்மா என்னைப் பார்த்ததே இல்லை. என் கைகள் அவருக்கு எப்படித் தெரிந்தன?

இருட்டறையை முதன்முதலாகக் காட்டியது மறக்காது. சிவப்பு விளக்கு. தட்டில் ஏதோ மருந்துத் தண்ணீர். வெறும் வெள்ளைத் தாளை அதற்குள் போட்டு ஆட்டுகிறார்கள். "என்ன ஆவுது?" என்றார் கணவர். "ஒண்ணும் இல்லீங்க, வெள்ளைத் தாளுதான்… இருங்க… தண்ணிக்குள்ள என்னமோ… ஐயோ ஆண்டவரே, மொகம் வருதுங்க! கண்ணு வந்துடுச்சி, மூக்கு வருது, ஒரு கெழவரு சிரிக்கறாரு!" என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டேன். அவர் பிறந்த குழந்தை என்ன பிள்ளை என்று கேட்கிறவர் போல நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

இன்னொரு படத்தில் ஒரு பெரிய தாள் நிறையத் தபால்தலை அளவில் பொடிப் பொடிப் போட்டோக்கள். அதில் ஒன்றே ஒன்றைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் கட்டம். மற்றதெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியதாம். அந்த மனிதர் இத்தனையையும் எடுத்துவிட்டு, அத்தனையையும் விட மனசு வந்து, ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார். எனக்கெல்லாம் கிழிந்த தலையணை உறையைத் தூக்கிப்போடவே மனசு வராது.

எங்களுக்கென்று ஒரு பழக்கமும் வந்தது. படத்தில் யாராவது கஷ்டப்படுகிறவர்களைக் காட்டினால் நான் நிறுத்திவிடுவேன். இருவரும் அவர்களுக்காக ஒரு அருள்நிறை மரியே சொல்வோம். பிறகு ஓட்டுவேன். வெள்ளத்தில் மூழ்கிய ஊர்களை எடுத்தவரின் படம் ஒன்று வந்தது. கூரை மேல் உட்கார்ந்திருந்த குடும்பங்கள், கழுத்தளவுத் தண்ணீரில் சிலுவையை உயர்த்திப் பிடித்தபடி போன ஒரு ஆள். நிறுத்தினேன், ஜெபித்தோம், ஓட்டினேன், நிறுத்தினேன். "நீ இப்படி நிறுத்தி நிறுத்தி ஜெபிச்சா இந்தப் படம் முடியறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்" என்றார் கணவர். ஆனால் அடுத்த கூரை வந்தபோது அவர்தான் முதலில், "நிறுத்தும்மா" என்றார். அந்த வெள்ளத்தை எடுத்தவர் கடைசியில், வயதான காலத்தில், தான் எடுத்த ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார். அவருக்கும் சேர்த்து ஒன்று சொன்னோம்.

தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் தவக்காலத்தில் டிவி சீரியல் கிடையாது, கறி மீன் கிடையாது. போட்டோக்காரர்களை என்ன செய்வது? "இது சீரியல் இல்ல, பாடம்" என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கறியை விட்டோம், இதை விடவில்லை.

அந்த நாட்களில்தான் என் குட்டு வெளிப்பட்டது. நம் நாட்டுப் போட்டோக்காரர் ஒருவரைப் பற்றிய படம். ரயில் நிலையங்களிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். ஒரு பெண் தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை தூங்குகிறது, பின்னால் ரயில் புகை. நான் வழக்கம்போல விவரம் சொல்லிக்கொண்டு போனேன்.

"பொடவ என்ன கலரு?" என்றார் கணவர்.

"கரும்பச்சைங்க."

"பார்டரு?"

"அரக்கு. நல்ல அகல பார்டரு."

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் டிவியில் யாரோ பேசினார்கள். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏம்மா, இப்ப டிவியில பேசற பொம்பள என்னா சொல்லுது தெரியுமா? இந்தாளு ஜென்மத்துல கலர் பிலிமையே தொட்டதில்லயாம். எல்லாமே கருப்பு வெள்ளையாம். உனக்கு மட்டும் எப்படிம்மா பச்சைப் பொடவ தெரிஞ்சிது? ஸ்பெஷல் தரிசனமா?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்த ஒரு படம் மட்டுமல்ல. கைகள், நாவிதர் கடை, வெள்ளம், பாதிக்கு மேல் கருப்பு வெள்ளைதான். எல்லாவற்றுக்கும் நான் நிறம் சொல்லியிருந்தேன். கூரைக்குச் சிவப்பு, சோப்புக் கிண்ணத்துக்கு நீலம் என்று வாய்க்கு வந்தபடி.

"உங்களுக்கு ஏற்கெனவே இருட்டு. அதுல போயி கருப்பு வெள்ளைன்னு எதுக்குச் சொல்றதுன்னுதாங்க…" என்று இழுத்தேன்.

சிரிப்பு நின்றது. கையை நீட்டி என் கையைத் தேடினார். கொடுத்தேன். "கலரெல்லாம் நானே போட்டுக்குவேன்மா. என்கிட்ட நெறைய இருக்கு. நீ இருக்கறதச் சொல்லு. நீ சேத்துச் சொன்னா, எது படம், எது நீன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றிலிருந்து அப்படியே சொன்னேன். கருப்பு என்றால் கருப்பு. தெரியவில்லை என்றால் தெரியவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், நிறம் சேர்ப்பதை விட்ட பிறகுதான் எனக்கே படம் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது. தகரப்பெட்டிப் பெண்ணை மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. முன்பு பச்சைப் புடவை கட்டிவிடும் மும்முரத்தில் அந்தக் காலை நான் பார்க்கவே இல்லை.

கோயிலில் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று ஞாயிறு பெயர்களை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்பார்கள். முதல் ஓலை வாசித்த அன்று மகள் கேட்டாள்: "அப்பா, போட்டோ?" இவர், "ஓலையில தடை இருந்தா சொல்லச் சொல்றாங்க. எனக்கு இருக்கற ஒரே தடை அதான்" என்றார். அவள் மதியம் சாப்பிடவில்லை.

அந்த வாரம் ஒரு பெண் போட்டோகிராபரின் படம் பார்த்தோம். வீடு வீடாகப் போய்ச் சாதாரணக் குடும்பங்களை எடுத்தவர். அவர் எடுத்ததில் யாருமே கேமராவைப் பார்க்க மாட்டார்கள். "இங்க பாருங்கன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லன்னு சொல்றாங்க" என்றார் கணவர், சாதாரணமாகத்தான். அப்போது ஒரு கிழவரின் படம் வந்தது. சமையல் மேஜையில் பழைய ரேடியோ, அதன் பக்கத்தில் அவர்.

"கண்ணு எங்க பாக்குது?" என்றார்.

"கீழ. இல்ல, எதையும் பாக்கல. தல சாஞ்சிருக்கு. காது ரேடியோ பக்கம் திரும்பியிருக்கு. காதாலதான் பாக்கறாருங்க."

"எப்படி இருக்கு? அசிங்கமா?"

"இல்லீங்க. உங்கள மாதிரி இருக்கு."

"என்னை மாதிரின்னா?"

அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. உலகத்தில் உள்ள எல்லா முகத்தையும் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் முகத்தை அவருக்குச் சொன்னதில்லை. கடைசியாக அவர் கண்ணாடியில் பார்த்த முகம்தான் அவருக்குத் தெரியும். டிவியை நிறுத்தினேன். எதிரே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. ஆனால் இருக்கிறதைச் சொல் என்று அவரேதான் சொல்லியிருந்தார்.

"முடி நெத்திக்கு மேல ஏறிடுச்சி. மீசை பூரா வெள்ளை. எடது கண்ணு செவுத்துப் பக்கம் போவுது, வலது கண்ணு பாதி மூடியிருக்கு. கண்ணு ரெண்டும் ஒண்ணா நிக்கறதில்ல."

"ம்."

"ஆனா யாராவது பேசினா மொகம் பூரா அங்க திரும்புதுங்க. பாப்பா பேசினா இன்னும் ஜாஸ்தி. கன்னம், மீச, எல்லாம் அவ பக்கம் போவும். ஹெட்போன் மாட்டிட்டு யாரோ லைன்ல வந்தா ஒரு பக்கமா சாய்வீங்களே, அப்படி. அதப் பாத்தா கண்ணு எந்தப் பக்கம் இருக்குன்னு யாருக்குங்க தோணப்போவுது?"

அவர் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பொய் சொல்றியா? பச்சைப் பொடவ கணக்கா?"

"இது கருப்பு வெள்ளைங்க. ஒண்ணும் சேக்கல."

இரண்டாம் ஓலை வந்தது, மூன்றாம் ஓலையும் வந்தது. போட்டோ பற்றி நான் கேட்கவில்லை. மகள் போட்டோகிராபரை ரத்து செய்யவும் இல்லை, உறுதி செய்யவும் இல்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள், சட்டை இஸ்திரி போடும்போது அவர் சொன்னார்: "நான் வந்து நிக்கறேன். ஆனா எவனாவது என் கன்னத்தப் புடிச்சித் திருப்பினா எறங்கிடுவேன். நீயா இருந்தாலும் சரி."

பூசை முடிந்தது. பீடத்துக்கு முன்னால் பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தினார்கள். மகள் அப்பாவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். பங்குச் சாமியார் நடுவில், மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கம். போட்டோகிராபர் கன்னடக்காரர், சுறுசுறுப்பான ஆள். கேமராவைத் தூக்கியவுடன் வந்துவிட்டது.

"அங்கிள், இல்லி நோடி!"

அவர் கை மகளின் கையிலிருந்து நழுவுவதைப் பார்த்தேன். "அங்கிள், இல்லி, இல்லி!" என்று மறுபடி குரல். கோயில் முழுக்க எங்களைப் பார்ப்பது போல இருந்தது. என் கை தானாக அவர் கன்னத்தை நோக்கி எழுந்தது. அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை.

அப்போது மகள் அவர் காதருகே குனிந்தாள். எனக்கும் கேட்டது. "ஹலோ ஆபரேட்டர், எங்கப்பாவுக்கு ஒரு லைன் குடுங்க."

அவர் தலை அப்படியே அவள் பக்கம் சாய்ந்தது. மீசை துடித்தது. மூக்கால் சொன்னார்: "சாரி மேடம், லைன் பிஸி. உங்கப்பா கல்யாணத்துல இருக்காரு." அவள் வாய்விட்டுச் சிரித்தாள், அவரும் சிரித்தார். போட்டோகிராபர் "இல்லி நோடி" என்பதை விட்டுவிட்டு எடுத்துக்கொண்டே இருந்தார். டிவியில் பார்த்த அத்தனை போட்டோக்காரர்களுக்கும் செய்கிற மரியாதையை மனசுக்குள் அவருக்கும் செய்தேன்.

ஆல்பம் வருவதற்கு முன்பே அந்த ஒரு படத்தைப் பெரிதாகப் போட்டு மகள் கொண்டுவந்தாள். முன்னறையில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னேன். "நீங்களும் பாப்பாவும் சிரிக்கறீங்க. நீங்க கேமராவப் பாக்கல, அவளும் பாக்கல. மாப்பிள்ள எதுக்குன்னு தெரியாம வாயத் தொறந்து முழிக்கறாரு. சம்பந்தியம்மா தாலிச் செயினச் சரிபண்றாங்க. ஃபாதர் கண்ண மூடிட்டாரு."

"ஃபாதரே மூடிட்டாரா? அப்ப என்னை எதுக்குக் கொற சொல்லணும்?" என்றார். "பாப்பா பொடவ?"

"சந்தனக் கலரு. மயில் நீல பார்டரு."

"உன்னோடது?"

"கரும்பச்சைங்க. அரக்கு பார்டரு. நல்ல அகல பார்டரு."

"ஆரம்பிச்சிட்டியா மறுபடியும்!"

"இல்லீங்க, நெசமாவே. கடையில இத ஒண்ணத்தான் கேட்டேன். எல்லாத்தையும் பிரிச்சிப் போட வச்சி, இத எடுத்தேன்." அந்தப் புடவையையே எடுத்து வந்து அவர் மடியில் வைத்தேன். பார்டரை விரலால் அளந்து பார்த்தார். "அகலந்தான்" என்றார்.

படம் திருஇருதய ஆண்டவருக்குக் கீழே மாட்டியாயிற்று. வருகிறவர்களில் சிலர், "அங்கிள் கேமராவப் பாக்கற மாதிரி வேற படம் இல்லயா ஆன்ட்டி?" என்பார்கள். இல்லை என்பேன்.

இனி அந்த மாறிப்போன விஷயம். எங்கள் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து சாட்சி சொன்னார். பீடத்துக்கு முன்னால் நின்றபோது என் கணவருக்குப் பார்வை திரும்பியதாம், மகளின் முகத்தைப் பார்த்துச் சிரித்தாராம், படமே சாட்சியாம். எல்லாரும் கை தட்டினார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நான் நிறம் சேர்த்தேனே, அதே மாதிரிதான் இதுவும். பார்வை வரவில்லை. வர வேண்டும் என்று இன்றும் கேட்கிறேன், கேட்பதை விட மாட்டேன். ஆனால் வராமலே நடந்தது எது என்று எனக்குத் தெரியும். அதற்கு நான் ஆண்டவருக்கும், பெயர்கூடச் சரியாகச் சொல்ல வராத அந்தத் தூர தேசத்துப் போட்டோக்காரர்களுக்கும் நன்றி சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் இன்னொருவருக்குச் சொல்லுங்கள். இத்தனை பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் கெட்டது வரும் என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. சொல்கிறபோது இருக்கிறபடியே சொல்லுங்கள், அது போதும். அவர் கண் படத்தில் எங்கோ பார்க்கிறது. அதைக் கேமரா பக்கம் திருப்பி வைத்துவிடாதீர்கள். சாமியார் கண்ணை மூடியிருக்கிறார், அதையும் திறந்துவிடாதீர்கள். என் புடவை மட்டும் சத்தியமாகக் கரும்பச்சை.